தம்பியை வீட்டில் விட்டுவிட்டு வா

மலாக்காவில், காஜா பேராங்கில் பாலர் வகுப்பு தொடங்கியபோது எனக்கு இருபத்திரண்டு வயது. நாடு சுதந்திரம் பெற்று ஓராண்டுகூட ஆகியிருக்கவில்லை. அப்பா பண்டார் ஹிலிரில் ஓர் அலுவலகத்தில் கணக்கெழுதும் கிராணியாக இருந்தார். நான் பள்ளிப் படிப்பை முடித்துவிட்டு வீட்டில் இருந்தேன். மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

எங்கள் வட்டாரத்துத் தமிழர்கள் சிலர் சேர்ந்து ஒரு குழு அமைத்திருந்தார்கள். இனி நம் பிள்ளைகள் சாக்கடை அள்ளவும் ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் சீவவும் மட்டுமே வளரக் கூடாது, நாலு வயதிலிருந்தே அவர்களைப் பழக்க வேண்டும் என்று கூட்டங்களில் பேசினார்கள். ஆங்கிலம் தெரிந்த ஒரு பெண்ணைச் சிங்கப்பூருக்கு அனுப்பிப் பயிற்சி கொடுத்துக் கூட்டி வருவதென்று முடிவானது. அப்பா என்னை அனுப்பச் சம்மதித்தார். மாப்பிள்ளை வீட்டாரிடம் சொல்லிக்கொள்ள அது நன்றாக இருக்கும் என்று அவர் நினைத்திருக்கலாம்.

பயிற்சி மூன்று மாதம். அதை நடத்தியவர் ஐம்பது வயதைத் தாண்டிய ஓர் ஆங்கிலேயப் பெண்மணி. லண்டனில் தொழிலாளர் குடியிருப்புகளுக்கு நடுவே பாலர் பள்ளி நடத்தியவர். நாங்கள் அவரை மேடம் என்று அழைத்தோம். அவர் ஒரு குழந்தையிடமும் குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. குழந்தையோடு பேசும்போதெல்லாம் தரையில் மண்டியிட்டு, அதன் கண்ணுக்கு நேராகத் தன் முகத்தை வைத்துக்கொண்டுதான் பேசுவார். நான் எழுத்துக் கற்றது பிரம்படி வாங்கி. என் தம்பிகளும் அப்படித்தான். அதனால் அந்த அம்மாள் மண்டியிட்டதை முதன்முதலாகப் பார்த்தபோது எனக்கு நம்ப முடியவில்லை.

அவர் சொன்னதை எல்லாம் ஒரு தடித்த நோட்டில் எழுதிக்கொண்டேன். அலமாரி குழந்தையின் உயரத்தில் இருக்க வேண்டும். மணல் வேண்டும், தண்ணீர் வேண்டும், அடுக்கி விளையாட மரக்கட்டைகள் வேண்டும். பத்து மணிக்குப் பால். ஒரு நாள் அவர் சொன்னார், ஐந்து வயதுக் குழந்தைக்கு இந்த உலகத்தில் ஒரே வேலைதான் உண்டு, விளையாடுவது. வேறு யாருடைய பாரத்தையும் அது சுமக்கக் கூடாது என்று. அந்த வரியின் கீழ் இரண்டு கோடு போட்டேன்.

தெருவோரத்தில் தகரக் கூரை போட்ட ஒரு பலகை வீடு கிடைத்தது. முன்னறை வகுப்பு, பின்னால் சமையல்கட்டு. பால் காய்ச்சவும் பிள்ளைகளைக் கழுவி விடவும் ஓர் உதவியாளரைக் குழு அமர்த்தியது. அவர் பக்கத்திலேயே செட்டிகள் குடியிருக்கும் கம்பத்தை, அதாவது கிராமத்தைச் சேர்ந்தவர்; பல தலைமுறைக்கு முன் இங்கே குடியேறிய தமிழர் வழி. நாற்பது வயதிருக்கும். என்னைப் போலவே மாரியம்மனைக் கும்பிடுகிறவர்தான். ஆனால் பேச்சு மலாய், அதில் அங்கங்கே நாலு தமிழ்ச் சொல். என்னைச் 'சிக்கு' என்று அழைப்பார், டீச்சர் என்பதற்கு அதுதான் மலாய்ச் சொல். நான் அவரை அக்கா என்றேன்.

சிங்கப்பூரிலிருந்து வந்த பெட்டியில் படங்களும் பாட்டுப் புத்தகங்களும் இருந்தன. பனி பெய்கிற பாட்டு, கணப்படுப்புக்கு முன்னால் தூங்குகிற பூனை. எங்கள் பிள்ளைகளுக்கு இதெல்லாம் எதற்கு என்று நானே மாற்றினேன். ஆப்பிள் படத்துக்குப் பதிலாக ரம்புத்தான் வரைந்து ஒட்டினேன். பனிக்குப் பதிலாக மழை என்று பாட்டைத் தமிழில் கட்டினேன். எண்ணிக்கை பழகப் புளியங்கொட்டை, தண்ணீர் மொண்டு ஊற்றக் கொட்டாங்கச்சி. உதவிக்கு வந்த அக்கா தன் வீட்டிலிருந்து நம் பல்லாங்குழி போன்ற ஒரு சொங்காக் பலகையைத் தூக்கி வந்து, குழிகளில் சோழி போட்டு எண்ணப் பிள்ளைகளுக்குக் காட்டினார். குழுத் தலைவர் வந்து பார்த்துவிட்டு, வெள்ளைக்காரன் படிப்பை நம் ஊருக்கு ஏற்றமாதிரி ஆக்கிவிட்டாய் என்று மெச்சினார். நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

வகுப்பு தொடங்கி இரண்டாவது மாதத்தில் அந்தப் பெண் வந்தாள். ஐந்து வயது முடிந்து சில மாதங்கள் இருக்கும். இடுப்பில் தம்பி. அவனுக்கு அப்போதுதான் நடை வந்திருந்தது. அவனைத் தூக்கித் தூக்கி அவளுக்கு ஒருபக்க இடுப்பு வெளியே தள்ளி நின்றது. தம்பி இல்லாதபோதும் சாய்ந்துதான் நடப்பாள்.

அவள் அப்பாவுக்கு முனிசிபல் குப்பை லோரியில் வேலை. அம்மா புக்கிட் ரம்பாய்ப் பக்கம் ஒரு சீனருடைய தோட்டத்தில் பால்மரம் சீவப் போகிறவள். விடியுமுன் சந்திக்கு லோரி வரும்; அதில் ஏறினால் பகல் இரண்டு மணிக்குத்தான் திரும்புவாள். தம்பி பிறந்த நாற்பதாம் நாளிலிருந்து அவனைப் பார்த்துக்கொண்டது இந்தப் பெண்தான்.

முதல் வாரம் தம்பியோடு அவளை உள்ளே விட்டேன். அவன் மணலைத் தின்றான். மற்றப் பிள்ளைகள் அடுக்கிய கட்டைகளைத் தள்ளினான். பாயை நனைத்தான். அவள் ஒரு கட்டையைக் கையில் எடுப்பாள். அதற்குள் அவன் எங்காவது போய்விடுவான். கட்டையை வைத்துவிட்டு ஓடுவாள். பால் கொடுத்தால் தான் குடிக்காமல் அவனுக்கு ஊட்டுவாள். ஒரு வாரத்தில் அவள் ஒரு பாட்டுக்கூட முழுதாகப் பாடவில்லை.

அந்தச் சமயம் மேடம் எங்கள் வகுப்பைப் பார்க்க வந்தார். அரை மணி நேரம் ஓரமாக உட்கார்ந்து அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். போகும்போது என்னிடம், "இந்த அறையில் ஒரு குழந்தை மட்டும் வேலை செய்துகொண்டிருக்கிறது. அவளுடைய கையை விடுவித்துக் கொடு. அவள் தனியாக வரட்டும்" என்றார்.

எனக்கும் அது சரியென்றே பட்டது. இன்றைக்கும் அதைத் தவறு என்று சொல்ல வரவில்லை.

மறுநாள் மாலை அவர்கள் வீட்டுக்குப் போனேன். முனிசிபல் ஆட்களுக்கென்று வரிசையாகக் கட்டிய பலகை வீடுகளில் கடைசி வீடு. அம்மா துணி துவைத்துக்கொண்டிருந்தவள், கையைத் துடைத்துக்கொண்டு எழுந்து நின்றாள். நான் உட்காரும்வரை உட்காரவில்லை.

"அவ நல்ல புத்திசாலி. தம்பியோட வந்தா ஒண்ணும் கத்துக்க முடியல. தனியா அனுப்புங்க" என்றேன்.

"யாருகிட்ட விடறது டீச்சர்? நான் இருட்டோட போயிடுறேன்."

"காலைல ஒரு நாலு மணி நேரம்தான். பக்கத்துல யாரும் இல்லையா?"

அவள் யோசித்தாள். பக்கத்து வீட்டு அக்கா வீட்டிலேயே இருப்பவர், கேட்டுப் பார்க்கிறேன் என்றாள்.

"அவளும் சின்னப் பிள்ளதான். அவ விளையாடணும்" என்றேன்.

"விளையாடட்டும் டீச்சர். நான் வேணாம்னா சொல்றேன்" என்றாள். குரலில் கோபம் இல்லை. வெட்கப்பட்டதுபோல் இருந்தது.

அடுத்த திங்கட்கிழமையிலிருந்து அவள் தனியாக வந்தாள். முதல் இரண்டு நாள் கையை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியாமல் சுவரோரம் நின்றாள். மூன்றாம் நாள் தண்ணீர்த் தொட்டியருகே உட்கார்ந்தவள் பால் நேரம்வரை எழுந்திருக்கவில்லை. பிறகு கட்டைகள். எந்தக் கட்டைமேல் எதை வைத்தால் நிற்கும் என்று அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. தன் உயரத்துக்குக் கோபுரம் அடுக்கிவிட்டு, அதைத் தானே தள்ளி, சத்தம் போட்டுச் சிரிப்பாள். ஒரு நாள் என் பின்னால் வந்து, "டீச்சர், நாளைக்கும் இருக்கா?" என்று கேட்டாள். ஏறக்குறைய ஒரு மாதம் இப்படிப் போனது. அவளைப் பற்றி மேடத்துக்கு நீளமாகக் கடிதம் எழுதினேன்.

கடிதத்தைப் படித்துவிட்டு அவர் மறுபடி வருவதாகப் பதில் போட்டார். கூடவே கல்வி இலாகா அதிகாரி ஒருவரும் வருகிறார், வகுப்பு அவருக்குப் பிடித்துப்போனால் மற்ற ஊர்களிலும் தொடங்கலாம் என்று எழுதியிருந்தார். குழுவில் எல்லாருக்கும் ஒரே பரபரப்பு. தரையை இரண்டு முறை கழுவினோம். பிள்ளைகளைச் சுத்தமான சட்டையில் அனுப்பும்படி வீடு வீடாகப் போய்ச் சொன்னேன்.

அந்த நாள் காலை எட்டு மணிக்கு வாசலில் பூக்கட்டிக்கொண்டிருந்தேன். அவள் கேட்டுக்கு வெளியே வந்து நின்றாள். இடுப்பில் தம்பி. அவனுக்கு மூக்கு ஒழுகிக்கொண்டிருந்தது. கால்சட்டை இல்லை.

"ஏன் தம்பிய தூக்கிட்டு வந்த?"

"பக்கத்து வீட்டு அக்கா சிரம்பானுக்குப் போறாங்க டீச்சர். அவங்க மாமியார் செத்துட்டாங்களாம். ஸ்கூலுக்குத் தூக்கிட்டுப் போ, டீச்சர்கிட்ட சொல்லுன்னாங்க."

"அம்மா?"

"லோரி ஏறிப் போயாச்சு."

"அப்பா?"

"வேலைக்கி."

சமையல்கட்டிலிருந்து உதவிக்கு இருந்த அக்கா எட்டிப் பார்த்தார். விஷயம் அவருக்குப் புரிந்துவிட்டது. இடுப்பில் கட்டிய சாரோங்கில் கையைத் துடைத்துக்கொண்டே வந்தார். "பியார்லா, சிக்கு" என்றார். பரவாயில்லை விடு என்று அர்த்தம். பின்னால் தன்னோடு இருக்கட்டும், அடுப்பங்கரையில் தான் பார்த்துக்கொள்வதாகச் சொல்லி, பையனை வாங்கக் கையை நீட்டினார்.

"இன்னிக்கு வேணாம்க்கா" என்றேன். வந்தவர்கள் சமையல்கட்டையும் பார்ப்பார்கள். பாலைக் காய்ச்சி ஊற்ற அவருக்கு இரண்டு கையும் வேண்டும். இந்தப் பையன் அழுதால் முன்னறைக்குக் கேட்கும். இவ்வளவும் ஒரு கணத்தில் எனக்குத் தோன்றியது.

நான் அவள் முன்னால் மண்டியிட்டேன். பயிற்சியில் கற்றுக்கொண்டபடி என் முகத்தை அவள் கண்ணுக்கு நேராக வைத்துக்கொண்டேன். "தம்பிய வீட்டுல விட்டுட்டு நீ மட்டும் வாம்மா" என்றேன். அன்பாகத்தான் சொன்னேன்.

 தம்பியை ஓர் இடுப்பிலிருந்து மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டாள். பிறகு திரும்பி நடந்தாள்.

முக்கால் மணி நேரத்தில் தனியாக வந்தாள். தலையைத் தண்ணீர் தொட்டு வாரியிருந்தாள். ஓடி வந்ததில் மூச்சு வாங்கியது. நான் கேட்டைத் திறந்து விட்டேன். தம்பியை யாரிடம் விட்டாய் என்று கேட்கவில்லை. யாராவது இருந்திருப்பார்கள் என்று நினைத்தேன் என எனக்கு நானே பல வருடம் சொல்லிக்கொண்டிருந்தேன். உண்மையில் நான் எதையும் நினைக்கவில்லை. அவள் சட்டை சுத்தமாக இருக்கிறதா என்று மட்டும் பார்த்தேன்.

பத்து மணிக்கு மேடமும் அதிகாரியும் வந்தார்கள். எல்லாம் நன்றாகவே நடந்தது. பிள்ளைகள் மழைப் பாட்டைப் பாடினார்கள். ரம்புத்தான் படத்தைப் பார்த்து அதிகாரி சிரித்தார். அவள் தரையில் உட்கார்ந்து நீளமாகக் கட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். அதிகாரி குனிந்து இது என்ன என்று மலாயில் கேட்டார். "லோரி" என்றாள். "யார் இதில் போகிறார்கள்?" என்று கேட்டார். "அம்மா" என்றாள். மேடம் என் தோளைத் தொட்டு, "அதே குழந்தையா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். என் வாழ்நாளில் நான் அவ்வளவு பெருமைப்பட்டதில்லை.

பதினொன்றரைக்கு வகுப்பு விட்டது. விருந்தினர்களைக் குழுத் தலைவர் தன் வீட்டுக்குச் சாப்பிட அழைத்துப் போனார். நானும் அக்காவும் கட்டைகளைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தோம். வெளியே கேட் கிறீச்சிட்டது. அவள் வந்துகொண்டிருந்தாள். எப்போதும்போல் சாய்ந்த நடை, இடுப்பில் தம்பி. அவன் தலை அவள் தோளில் கிடந்தது. அவள் சட்டை முழுக்க நனைந்திருந்தது.

"டீச்சர், தம்பி எழுந்திருக்க மாட்டேங்கிறான்" என்றாள்.

அக்கா ஓடிப்போய் அவனைப் பிடுங்கித் தரையில் போட்டு, கவிழ்த்து, முதுகைத் தேய்த்தார். வாயிலிருந்து தண்ணீர் வந்தது. வேறெதுவும் வரவில்லை. நான் நின்றுகொண்டே இருந்தேன். அக்கா என்னைப் பார்த்துக் கத்தியபிறகுதான் தெருவுக்கு ஓடி ஒரு திரிஷா வண்டி பிடித்தேன். ஆஸ்பத்திரியில் டாக்டர் பையனைத் தொட்டுப் பார்த்துவிட்டு நர்சிடம் துணி கொண்டுவரச் சொன்னார். அந்தப் பெண் வெளியே பெஞ்சில் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்திருந்தாள். இன்னும் ஈரம் காயாத சட்டையோடு.

நடந்ததைப் பிறகு துண்டு துண்டாகத் தெரிந்துகொண்டோம். அவள் வீட்டுக்குப் போய், பிஸ்கட்டைத் தண்ணீரில் நனைத்து அவனுக்கு ஊட்டியிருக்கிறாள். சாரோங் தூளியில் போட்டு அவன் தூங்கும்வரை ஆட்டியிருக்கிறாள். முன்கதவைச் சாத்திக் கயிறு கட்டிவிட்டு வகுப்புக்கு ஓடி வந்திருக்கிறாள். பின்கதவுக்குத் தாழ்ப்பாள் கிடையாது. பின்னால், மழைத்தண்ணீர் பிடிக்க, பாதியாக வெட்டிய ஒரு பீப்பாயை மண்ணில் புதைத்து வைத்திருந்தார்கள். ஐந்து வயதுக் குழந்தை செய்யக் கூடிய அத்தனையையும் அவள் செய்திருந்தாள்.

இரண்டு மணிக்கு லோரி வந்தது. அம்மா தலைத்துணியை அவிழ்க்காமலே நேராக ஆஸ்பத்திரிக்கு வந்தாள். கையெல்லாம் ரப்பர்ப் பால் காய்ந்திருந்தது. அவள் அழுவாள், என்னை அடிப்பாள் என்று எதிர்பார்த்தேன். அவள் மகள் முன்னால் போய் நின்று, "நீ எங்க இருந்த?" என்று கேட்டாள்.

"ஸ்கூல்ல."



மறுநாள் போலீஸ்காரர் ஒருவர் வகுப்புக்கு வந்தார். வயதானவர், பொறுமையானவர். பையனை இங்கே தூக்கி வந்தாளா என்று கேட்டார். ஆமாம் என்றேன். நீங்கள் என்ன சொன்னீர்கள் என்றார்.

"வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போகச் சொன்னேன்."

அவர் அதை அப்படியே எழுதிக்கொண்டார். நான் சொன்னதில் பொய் என்று காட்ட ஒரு வார்த்தையும் இல்லை. சிறு பிள்ளை விவரம் தெரியாமல் தனியாக விட்டுவிட்டாள் என்று விஷயம் முடிந்தது. குழுத் தலைவர் எனக்கு ஆறுதல் சொன்னார். "உன் மேல ஒரு தப்பும் இல்ல. இது பாலர் வகுப்பு, பிள்ள பாத்துக்கிற எடமா என்ன?" என்றார். நான் தலையாட்டினேன். அப்படித் தலையாட்டியபோது பழி முழுவதையும் அந்த ஐந்து வயதுப் பெண்ணின் மேல் ஏற்றிவிட்டேன். அது எனக்கு அப்போதே தெரியும்.

ஒரு வாரம் கழித்து வகுப்பு மறுபடி நடந்தது. அவள் வரவில்லை. உதவிக்கு இருந்த அக்கா என்னோடு வேலைக்கு வேண்டிய பேச்சு மட்டும் பேசினார். பால் கொண்டுவந்து வைப்பார், போய்விடுவார். மூன்றாவது வாரம், பிள்ளைகள் போனபிறகு, என் எதிரில் வந்து தரையில் உட்கார்ந்தார்.

"அந்தப் பெண்ணை அவள் அப்பன் தினமும் அடிக்கிறான்" என்றார் மலாயில். "டீச்சர்தான் விட்டுவிட்டு வரச் சொன்னாங்க என்கிறாளாம். டீச்சர் அப்படிச் சொல்வாங்களா, போலீசிடம் வேறு மாதிரி சொன்னாங்களே, பொய் பேசுகிறாயா என்று பெல்ட்டால் அடிக்கிறானாம்."

நான் கட்டைப் பெட்டியை மூடினேன்.

"நான் உன் பக்கத்தில்தான் நின்றேன், சிக்கு. உனக்கும் காது இருக்கிறது, எனக்கும் இருக்கிறது. போலீஸ்காரன் என்னைக் கேட்கவில்லை. பால் காய்ச்சுகிறவளை யார் கேட்பார்கள். நீ அவர்கள் வீட்டுக்குப் போய் உண்மையைச் சொல்வாய் என்று இத்தனை நாள் பார்த்தேன். நாளைக்கு நான் போகட்டுமா?"

அன்று மாலையே போனேன். பக்கத்து வீட்டு அக்கா, இன்னும் இரண்டு மூன்று பேர் அங்கே இருந்தார்கள். பெண்ணின் அப்பா என்னைப் பார்த்ததும் எழுந்து, முக்காலியைத் துண்டால் துடைத்துப் போட்டார். "வாங்க டீச்சர். உக்காருங்க" என்றார்.

நான் நின்றுகொண்டே சொன்னேன். "பிள்ள சொல்றது உண்மை. தம்பிய வீட்டுல விட்டுட்டு வான்னு நான்தான் சொன்னேன். அவ பொய் சொல்லல."

அவர் என் முகத்தைப் பார்த்தார். பிறகு, "வீட்டுல ஆள் இல்லன்னு ஒங்களுக்குத் தெரியாதுல்ல, டீச்சர்?" என்றார். எனக்காக அவரே ஒரு வழி தேடிக் கொடுத்தார்.

"தெரியும். அவ என்கிட்ட சொன்னா" என்றேன்.

 அவர் வீட்டுக்குப் பின்னால் போனார். பீப்பாய் இருந்த இடம் அது. அம்மா சுவரில் சாய்ந்து தலையைக் குனிந்தபடி சொன்னாள்: "அவ அன்னிக்கே எங்கிட்ட சொல்லிட்டா டீச்சர். நான் நம்பினேன். ஆனா ஒங்ககிட்ட வந்து எப்படிக் கேக்கறது?"

அந்தப் பெண் கதவோரம் உட்கார்ந்திருந்தாள். காலில் வரிவரியாகத் தடித்திருந்தது. நான் பக்கத்தில் போய்த் தரையில் உட்கார்ந்தேன். அவள் எழுந்து உள்ளே போய்விட்டாள்.

அப்பா திரும்பி வந்தார். முகத்தைக் கழுவியிருந்தார். "நீங்க போங்க டீச்சர்" என்றார். "இனிமே இங்க வராதீங்க." அப்போதும் மரியாதை குறையாமல்தான் சொன்னார்.

மறுநாள் போலீஸ் நிலையத்துக்குப் போய் நான் முன்பு சொன்னதைத் திருத்திச் சொன்னேன். அவர்கள் எழுதிக்கொண்டார்கள். யாரும் என்னைத் தேடி வரவில்லை. குழுவுக்கு ராஜினாமாக் கடிதம் கொடுத்தேன். தலைவர் அதைக் கிழித்துப் போட்டார். வெளியே பேசாதே, வகுப்பின் பெயர் கெட்டுவிடும் என்றார். வீட்டில் என் அப்பா ஒரு மாதம் என்னோடு பேசவில்லை. வரவிருந்த சம்பந்தமும் நின்றுபோனது. அதற்காக நான் வருத்தப்படவில்லை. அப்போது எதற்கும் தனியாக வருத்தப்பட என்னிடம் இடம் இல்லை.

இனி என்ன செய்வது என்று வழி சொன்னது உதவிக்கு இருந்த அக்காதான். சமையல்கட்டை ஒட்டிய சாமான் அறையைக் காலி செய்து உத்தரத்தில் சாரோங் கட்டித் தூளி தொங்கவிடலாம் என்றார். "தம்பியோடு வந்தால் பெண் விளையாட மாட்டாள் என்கிறாய். சரி. தம்பியை என்னிடம் கொடு, பெண்ணை உன்னிடம் கூட்டிப் போ. இதில் என்ன கஷ்டம்?"

குழு இரண்டு முறை மறுத்தது. நடந்ததைப் பெற்றோர் எல்லாரையும் கூட்டி நானே சொல்லப்போகிறேன் என்றதும் ஒத்துக்கொண்டது. மூன்று தூளிகள் கட்டினோம். தம்பி தங்கைகளையும் தூக்கி வரலாம் என்று வீடு வீடாகச் சொன்னேன். முதல் வாரத்திலேயே ஆறு பெண்பிள்ளைகள் புதிதாக வந்தார்கள். ஆறு பேர் இடுப்பிலும் குழந்தை. சிலர் நூறு அடி தூரத்திலேயே குடியிருந்தவர்கள். வகுப்பு தொடங்கியதிலிருந்து அவர்கள் ஏன் வரவில்லை என்று நான் கேட்டுக்கொண்டதே இல்லை. ஆப்பிளை ரம்புத்தான் ஆக்கினால் போதும் என்று நம்பியிருந்தேன்.

மேடம் மறுபடி வந்தபோது அவரிடம் எதையும் மறைக்கவில்லை. கேட்டை, சமையல்கட்டை, நான் மண்டியிட்ட இடத்தைக் காட்டினேன். அவர் பின்னறைக்குப் போய்த் தூளிகளைப் பார்த்தார். ஒரு குழந்தை உள்ளே தூங்கிக்கொண்டிருந்தது. திரும்பி வந்து, "லண்டனில் குழந்தை தனியாகத்தான் வர வேண்டும் என்று நாங்கள் விதி போட்டபோது, அதே தெருவில் கைக்குழந்தைகளுக்கு என்று ஒரு காப்பகம் இருந்தது. அக்கா இங்கே வருவாள், தம்பி அங்கே போவான். எனக்கு அது பழகிப்போன விஷயம். உங்களுக்கு விதியை மட்டும் சொன்னேன், காப்பகத்தைச் சொல்லவில்லை" என்றார். பிறகு, "அவளைத் தனியாக வரச் சொன்னதும் முதலில் நான்தான்" என்றார். தேநீர் வந்தது. குடிக்காமல் வைத்துவிட்டுப் போனார். அதன்பின் அவர் மலாக்காவுக்கு வரவில்லை. ஊர் திரும்பிவிட்டதாகக் கேள்விப்பட்டேன்.

வகுப்பு மேலும் ஆறு வருடம் நடந்தது. அந்தப் பெண் ஒரு நாளும் வரவில்லை. ஏழு வயதில் தமிழ்ப் பள்ளியில் சேர்ந்தாள். அங்கே வேலை பார்த்த என் சிநேகிதி, அந்தப் பிள்ளை எழுதுகிறது, படிக்கிறது, வாயைத் திறப்பதில்லை என்றாள். அடுத்த ஆண்டு குடும்பம் புக்கிட் ரம்பாய்ப் பக்கம் போய்விட்டது. எனக்குத் திருமணம் ஆகவில்லை. பிறகு வேறு பள்ளியில் வேலை கிடைத்து, ஓய்வு பெறும்வரை சிறு பிள்ளைகளோடுதான் இருந்தேன். காலையில் கேட்டில் நின்று, வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று ஒவ்வொரு பிள்ளையிடமும் கேட்பேன். மற்ற ஆசிரியைகளுக்கு அது வேடிக்கையாக இருந்தது.

பல வருடம் கழித்து, மலாக்கா பஸ் நிலையத்தில் அந்தப் பெண்ணின் அம்மாவைப் பார்த்தேன். அவள்தான் என்னை அடையாளம் கண்டு பக்கத்தில் வந்தாள். கையில் காய்கறிப் பை. முடி முழுக்க நரைத்திருந்தது. கணவர் இறந்துவிட்டதாகச் சொன்னாள்.

"பொண்ணு?" என்று கேட்டேன். அதைக் கேட்க எனக்கு நேரம் பிடித்தது.

"கல்யாணம் ஆயி குளுவாங்கில இருக்கா டீச்சர். ரெண்டு பிள்ள. பெரியவனுக்கு ஆறு வயசு ஆகப்போகுது." பையை மறு கைக்கு மாற்றிக்கொண்டாள். "பாலர் வகுப்புக்கு அனுப்ப மாட்டேங்கிறா. மருமகன் எவ்வளவோ சொல்லிப் பாத்துட்டார். ரெண்டையும் வீட்டுலயே வச்சிருக்கா. கண்ண விட்டு அந்தாண்ட இந்தாண்ட விடறதில்ல."

"நீங்க சொல்லிப் பாக்கலையா?"

"நான் என்ன சொல்றது டீச்சர்."

அவள் போக வேண்டிய பஸ் வந்தது. பையைத் தூக்கி ஏற உதவினேன். ஜன்னலோரம் உட்கார்ந்து, பயணச்சீட்டுக் காசுக்காக முந்தானை முடிச்சை அவிழ்க்கத் தொடங்கினாள். பஸ் புறப்படும்வரை அங்கேயே நின்றேன்.